ராணிக்கு ஒரு வாளி

என் அக்காவுக்கு நான் செய்த பெரிய கெடுதல், அவள் சட்டைப் பொத்தான்களையெல்லாம் பிடுங்கியது. ஒன்றிரண்டு இல்லை. பதினோரு சட்டை, சட்டைக்கு ஏழு பொத்தான். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, துளைகளை மூடித் தைத்து, கழுத்தை அகலமாக்கி எலாஸ்டிக் வைத்தேன். தலை வழியாக மாட்டிக்கொண்டால் போதும், அவள் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. முடித்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள். நர்ஸ்கள், ஓட்டல் ஊழியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் சீருடைகளை எங்கள் பட்டறையில் தைக்கிறோம். அறுபத்தாறு வயதிலும் காலை வேளைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். ஐம்பது துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவோம். கத்தி ஒரு நூல் தப்பினால் ஐம்பது சட்டையும் போச்சு. அதனாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிப்பவள் என்று எனக்குப் பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், அளவு சரியாக வரவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

அக்காவுக்கு எழுபத்தாறு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். நானூறு எக்ஸ்டென்ஷன் நம்பரையும் கரைத்துக் குடித்தவள். எக்ஸ்ரே எத்தனை, பிரசவ வார்டு எத்தனை, பிணவறை எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அத்தான் காலமான பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டாவது மாடி, இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அவளுடைய ஒரே மகன் ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி வேறு ஊரில் இருக்கிறான்.

எங்கள் அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அதே வருடம் எனக்குக் கால் முறிந்து இடுப்பு வரை மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று மாதம் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்தவள் அவள். மாவுக்கட்டோடு சேர்த்து நான் என்ன கனம் கனத்திருப்பேன்! ஒரு நாளாவது அலுத்துக்கொண்டாளா? இல்லை. எனக்குச் சாப்பாடு, படிப்பு, முதல் தையல் மெஷின், எல்லாம் அவளால் வந்தவை. இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

அதனால் இரண்டு வருடத்துக்கு முன் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, வாயால் "ஐயோ" என்றாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். கடைசியில் என் முறை வந்துவிட்டது. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். பிரித்த பிறகும் நான் எதையும் அவளிடம் திருப்பித் தரவில்லை. பை தூக்குவது நான், வாளி தூக்குவது நான், புட்டி மூடி திறப்பது நான். அவள் எழுந்தால் "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று ஓடுவேன். அவள் நடக்கிற வழியில் உட்கார்ந்துகொள்ள இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டேன். பொத்தான்களைப் பிடுங்கியதும் அப்போதுதான். கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மறதி வந்தது. முதலில் கண்ணாடி, சாவி. பிறகு கேட்டதையே கேட்பது. ஒரு நாள் தெருமுனை மருந்துக் கடையிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நடைபாதையில் நின்றாள். நூறு அடி தூரம்தான். மருந்துக் கடைக்காரர் கூட்டி வந்து விட்டார். என்னைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள், ஆனால் அவர் கையை விடவில்லை. அன்று ராச்சாப்பாட்டின்போது விளையாட்டுக்கு எக்ஸ்ரே நம்பரைக் கேட்டேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் கேட்டேன் என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மகன் வந்தான். மூன்று பேருமாக ஞாபக மறதிக்கான மருத்துவமனைக்குப் போனோம். தேதி, கிழமை, கடிகாரப் படம், ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது என்று முப்பது மார்க் பரீட்சை. அக்கா பத்தொன்பது வாங்கினாள். ஆரம்ப நிலைதான், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மகன் என்னைத் தனியே அழைத்தான்.

"சித்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வேலைக்குப் போயிடுறீங்க, அம்மா பாதி நாள் தனியா இருக்காங்க. ஆறு மாசம் பாப்போம். இன்னும் குறைஞ்சிருந்தா எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அங்க சேத்துடுறேன். நான் தினமும் போய்ப் பாத்துக்குவேன்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. அவன் நல்லவனாக இருந்ததால்தான் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆறு மாதத்தில் அக்காவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்புமுன், உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோவைப் பார்க்கச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், குதிரைவால் கட்டிய பெண். அக்காவின் கையில் ஒரு பிடியைக் கொடுத்து, "முடிஞ்சவரைக்கும் அழுத்துங்க" என்றாள். பிடிக்கு மேலே இருந்த சின்னத் திரையில் பதினொன்று என்று வந்தது. பதினொரு கிலோ. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடியும் என்று பார்த்தாள். நான்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மறதிக்கு வந்தவளோட கையை எதுக்கும்மா அழுத்தச் சொல்றீங்க? இவ என்ன மூட்டை தூக்கவா போறா?"

"உடம்புக்குள்ள தனித்தனி வீடு கிடையாதும்மா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "தசை பலம் குறைஞ்சவங்களுக்கு ஞாபகமும் சீக்கிரமா குறையுதுன்னு நிறைய ஆய்வுல பாத்திருக்காங்க. எது எதை இழுத்துட்டுப் போகுதுன்னு இன்னும் முழுசா புரியல. ஆனா இந்த வயசுலயும் பலத்தை ஏத்த முடியும். அது மூளைக்கும் நல்லது பண்ணலாம். பண்ணியே தீரும்னு நான் சொல்ல மாட்டேன்." அக்காவின் சட்டையை ஒரு கணம் பார்த்தாள். "இதுல பட்டனே இல்லையே?"

"நான்தான் எடுத்தேன். அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"வீட்டுல என்ன வேலை செய்யறாங்க?"

"ஒண்ணும் செய்ய விடறதில்ல," என்றேன் பெருமையாக. "ராணி மாதிரி வச்சிருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். "நாளைலேர்ந்து ராணிக்கு ஒரு வாளி குடுங்க. பாதி தண்ணியோட ஆரம்பிக்கலாம்."

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். கையில் ஒரு மெஷின் கிடைத்துவிட்டால் பெரிய ஆள் என்று நினைப்பு, பெற்ற தாயைக் கேட்டுப் பார்க்கட்டும் வாளி தூக்கச் சொல்லி, என்றெல்லாம். அக்கா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அக்காவுக்குச் சட்டை மாட்டும்போது தோளில் கை பட்டது. எலும்பு முட்டியது. ஏனோ மனசு உறுத்த, என் அளவு நோட்டை எடுத்தேன். தெரிந்தவர்கள் எல்லோருடைய அளவும் அதில் உண்டு, அக்காவுக்கு மட்டும் தனிப் பக்கம். டேப்பை அவள் மேல்கையில் சுற்றினேன். ஒன்பதரை அங்குலம். நோட்டில் விழுவதற்கு முந்தைய வருடம் பன்னிரண்டு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருந்தேன். பதினொன்று. பத்தேகால். சட்டைக் கை தொளதொளவென்று இருக்கிறதே என்று இரண்டு முறை நானே பிரித்துப் பிடித்துத் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், இப்போது சரியாக உட்காருகிறது பார், என்று அவளிடமே காட்டினேன்.

அடுத்தவன் தைத்த சட்டையில் அரை அங்குலக் கோணல் இருந்தால் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிற எனக்கு, என் அக்கா என் கையாலேயே இரண்டரை அங்குலம் கரைந்தது தெரியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வாளியில் பாதி தண்ணீர் பிடித்து அவள் முன்னால் வைத்தேன்.

"தூக்குக்கா."

அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா குட்டி?" என்றாள். அறுபத்தாறு வயதிலும் நான் அவளுக்குக் குட்டிதான்.

அந்த வாரமே பிசியோவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் எதற்கு என்றாள். பஸ்ஸில் திட்டியதற்கு என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, ரப்பர் பட்டையை இழுப்பது, தண்ணீர் புட்டியைத் தூக்குவது. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கனத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், சுலபமாகிவிட்டால் பிரயோசனமில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அவளிடம் போக வேண்டும்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமையே பிடிபட்டேன். அக்கா எழுந்திருக்கும்போது அவள் முழங்கையின் அடியில் என் கை தானாகப் போய்விடும்.

"இப்போ எழுந்தது யாரும்மா, அவங்களா, நீங்களா?" என்றாள் பிசியோ. என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். உள்ளே அக்கா எண்ணுவது கேட்டது. டெலிபோனில் பேசும் அந்தப் பழைய குரல். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழுக்குப் பிறகு நின்றது. எத்தனை என்று மறந்துவிட்டது போல. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பத்து தடவை எழுந்தால் போதும் என்ற இடத்தில் பதினேழு தடவை எழுந்தாள் என்று பிறகு பிசியோ சொன்னாள். மறதியால் வந்த லாபம் என்று மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள்.

பதினோரு சட்டையிலும் எலாஸ்டிக்கைப் பிரித்தேன். சிலவற்றில் துளையைத் திரும்பத் திறக்க முடியாமல் முன்பக்கமே புதிதாக வெட்டிப் போட்டேன். முதல் நாள் அக்கா மேல் பொத்தானோடு நான்கு நிமிடம் மல்லுக்கு நின்றாள். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். வேறு எப்படி அவற்றை அடக்குவது? பொத்தான் மாட்டியதும் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். அன்று நான் பட்டறைக்குத் தாமதம்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. ஒரு நாள் குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்தவள் முதல் மாடியிலேயே நின்று அங்கே குடியிருப்பவர் கதவைத் தட்டி, "குட்டி, திற" என்று சத்தம் போட்டாள். அவர் மேலே கூட்டி வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இரண்டு நாள் வாளியை ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் அவளே தேடி எடுத்துக் குழாயடியில் வைத்தாள். முழு வாளி பிடித்தாள்.

நான்காவது மாதம் ஒரு சாயங்காலம், அவள் ஜன்னலோரம் நின்று ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். மேல்கையில் கயிறு போல ஒன்று எழும்பி அடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, நான் பட்டனைப் பிடுங்கினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உனக்குப் போட முடிஞ்சுதுல்ல அப்போ?"

"முடிஞ்சுது."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

அவள் பட்டையைத் தளர்த்தினாள். "கட்டு பிரிச்ச மறுநாள் நானே காபி போட்டேன், ஞாபகம் இருக்கா? நீ வந்து பாத்தே. உன் மூஞ்சி சுண்டிப் போச்சு. சின்னதுல நான் செஞ்சதுக்கெல்லாம் திருப்பிச் செய்யணும்னு உனக்கு அப்படி ஒரு தவிப்பு. சரி, இவ சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்னு உக்காந்துட்டேன்." பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "உக்காந்தா எழுந்துக்க முடியாம போகும்னு எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள்.

அந்தக் காபி எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது. நான் அவளுக்காகச் செய்ததாக நினைத்த இரண்டு வருடமும் அவள் எனக்காகச் செய்தது. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பட்டையை மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். இன்னும் ஆறு பாக்கி இருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. மகன் முந்தைய நாளே வந்துவிட்டான். முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். நான் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பரீட்சை அறைக்குள் எங்களை விடவில்லை. நாற்பது நிமிடம். பிறகு டாக்டர் கூப்பிட்டு எங்களை உட்காரச் சொன்னார். பிசியோவும் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஏழு பொத்தானும் போட்ட சட்டையில்.

"இருபது," என்றார் டாக்டர். "ஒரு மார்க் கூடியிருக்குன்னு துள்ளிக் குதிக்க வேண்டாம், அது பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா குறையல. ஆறு மாசத்துல இந்த மாதிரி நிலையா நிக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம். இனிமே எப்படிப் போகும்னு யாராலும் சொல்ல முடியாது. இதை விடாம செய்யுங்க."

பிசியோ தன் தாளைப் படித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது நான்கிலிருந்து பத்து. கைப்பிடி பதினொன்றிலிருந்து பதினைந்து கிலோ. மகன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். இருந்தும் அவன் கவலை முழுசாகப் போகவில்லை என்று தெரிந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இன்னொரு தடவை அறை கிடைக்காது என்று டாக்டரிடம் மெல்ல ஆரம்பித்தான். டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோமே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவகூடத்தான்," என்றாள் அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல. "நான் போயிட்டா இவளை யாரு பாத்துக்கறது? ரத்த அழுத்தத்துக்குக் குடுத்த மாத்திரையைத் தொடவே மாட்டா. தினம் காலைல பல் தேய்ச்சதும் நான் கையில குடுத்து, முழுங்கறவரைக்கும் எதிர்ல நிக்கணும். மூணு மாசமா நிக்கறேன். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பட்டறைக்கு ஓடுகிற அவசரத்தில் மாத்திரையை மறப்பது நான்தான். ஒரு காலையாவது அவள் மறந்ததில்லை. நான் அதை அவளுடைய பழக்கம் என்று எண்ணிக் கவனிக்காமலே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே போனை எடுத்து வெளியே போய், அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"நன்றிக்கா," என்றேன். வெளியாட்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பிசியோவிடமும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"போடி, பைத்தியம். எழுந்திரு, இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் அக்கா.

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். முந்தைய நாள் ராத்திரியிலிருந்து ஒரு வாய்ச் சோறுகூட இறங்காத உடம்பு, முழங்கால் இரண்டும் தொய்ந்துவிட்டன. அக்கா எழுந்து என் முன்னால் வந்தாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு கையை நீட்டினாள். பிடித்தேன். ஒரே இழுப்பு, நான் நின்றுவிட்டேன்.